லாரி டயருக்கு எவ்வளவு காற்று? ஆக்சில் எடை விதியிலிருந்து கணக்குப் போடும் முறை

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லோடு வண்டி கிளம்பும் முன் லிவரால் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். முழுக் காற்றும் இறங்கிய டயர் அந்தத் தட்டில் மாட்டிக்கொள்ளும். 120 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய இடத்தில் 90 இருந்தால் மாட்டாது, சத்தம் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்தால்தான் தெரியும். கேஜில் என்ன எண் வர வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மேலும் விழும் எடைதான் தீர்மானிக்கிறது. அந்த எடைக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

2018 ஜூலை 16 அன்று மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. நான்கு டயர் பூட்டிய ஒற்றைப் பின் ஆக்சிலுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. இரண்டு ஆக்சில், ஆறு டயர் லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. பின்னால் 11.5 போனால் முன் ஆக்சிலுக்கு மீதி 7 டன். முன்பு அது 6 டன். விதி மாறியதால் பழைய வண்டியின் எடை தானாக ஏறிவிடாது. உங்கள் ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்று) என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் வரம்பு.

பலர் கவனிக்காமல் விடுவது டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணை. 10.00ஆர்20, 16 பிளை (டயரின் வலிமை அளவு) ரேடியல் டயரில் பெரும்பாலும் 146/143 என்று இருக்கும். முதல் எண் டயர் தனியாக ஓடும்போது, இரண்டாவது ஜோடியாக ஓடும்போது. 146 என்றால் 3,000 கிலோ, 143 என்றால் 2,725 கிலோ. இதைத் தாங்க வேண்டுமானால் காற்று 120 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். இப்போது கூட்டிப் பாருங்கள். முன்னால் இரண்டு டயருக்கு 6,000 கிலோ, பழைய 6 டன் வரம்புக்குச் சரியாகப் பொருந்துகிறது. பின்னால் நான்குக்கு 10,900 கிலோ. அது 10.2 டன்னுக்குப் போதும், 11.5 டன்னுக்குப் போதாது. 18.5 டன் ஆர்.சி. உள்ள வண்டியில் விலை குறைவு என்று இந்த டயரைப் பூட்டினால், சட்டப்படி ஏற்றிய லோடே டயருக்கு ஓவர்லோடு. எவ்வளவு காற்று அடித்தாலும் அந்தக் குறை தீராது. 11.5 டன் பின் ஆக்சிலுக்கு ஜோடி எண் குறைந்தது 145, அதாவது 2,900 கிலோ வேண்டும். முன்னால் 7 டன் வந்தால் தனி எண் 152, அதாவது 3,550 கிலோ தாங்கும் டயர் வேண்டும். டயர் வாங்கும் நாளிலேயே ஆர்.சி.யைக் கையில் எடுத்துப் போவது நல்லது.

டயர் பொருந்திவிட்டால் அடுத்தது காற்று. லோடு ஏற்றிய வண்டியை வே பிரிட்ஜில் (எடை மேடை) முதலில் முன் ஆக்சில் மட்டும் ஏற்றி ஒரு எடை, பிறகு முழு வண்டிக்கும் ஒரு எடை எடுங்கள். கழித்தால் பின் ஆக்சில் எடை வந்துவிடும். பின்னால் 10,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கால் வகுத்தால் டயருக்கு 2,500. அதை 2,725-ஆல் வகுத்து 120-ஆல் பெருக்கினால் 110 பி.எஸ்.ஐ. இந்த நேர்க்கணக்கு டயர் கம்பெனியின் அட்டவணையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும், அது பாதுகாப்பான பக்கம். அட்டவணை கையில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரே ஆக்சிலில் இடமும் வலமும் எடை வேறுபட்டால் அதிக எடைப் பக்கத்துக்கு வரும் அளவையே இருபுறமும் வையுங்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்கு இந்த வேலை சுலபம். ரிக்கும் அதன் எடையும் எப்போதும் வண்டி மேலேயே இருப்பதால் ஒருமுறை எடை போட்டு எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டி நின்று குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து. டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் 4 முதல் 5 பி.எஸ்.ஐ. வரை ஏறும். சித்திரை வெயிலில் கரூர் சாலையில் நிறுத்தி அளந்து, 120 அடித்த டயர் 133 காட்டுகிறதே என்று காற்றை இறக்குவது பெரிய தவறு. மறுநாள் காலை அது 108-க்கு அருகில் நிற்கும். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கி மடங்கி மேலும் சூடாகும், வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான். அழுத்தம் ஏறியதால் சூடு வருவதில்லை, சூட்டால்தான் அழுத்தம் ஏறுகிறது.

ஜோடி டயரில் உள் டயரைத் தவறாமல் பாருங்கள். வால்வு கைக்கு எட்டவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் போட்டுவிடுங்கள். இரண்டுக்கும் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் எடை அதிகமாக ஒன்றின் தலையில் விழும். பழைய டயரோடு புது டயரை ஜோடி சேர்த்தாலும் இதே கதை, உயரமான டயர் சுமக்கும், குட்டையானது சாலையில் தேய்ந்தே போகும்.

வைக்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து ஓடிய டயரை, அதாவது 120-க்கு 96-க்குக் கீழே வந்ததை, அப்படியே காற்றடித்து அனுப்பக் கூடாது. ரேடியல் டயரின் பக்கச் சுவரில் உள்ள எஃகுக் கம்பிகள் மடங்கி மடங்கி அறுந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. காற்று ஏறும்போது ஜிப் பிரிவதுபோல் வரிசையாகக் கிழிந்து, பக்கத்தில் குனிந்திருப்பவரின் உயிரையே வாங்கிவிடும். கழற்றி உள்பக்கம் பார்த்த பிறகே, இரும்புக் கூண்டுக்குள் வைத்து, எட்டி நின்று காற்று அடிக்கச் சொல்லுங்கள்.

ஓவர்லோடு பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். மூன்று டன் கூடியிருந்தால் 26,000 ரூபாயும் சரக்கை இறக்கும் செலவும். எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனால் 40,000 ரூபாய். 114-ஆவது பிரிவு உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு தருகிறது. எடை போட வண்டியை அழைத்துப் போகும் இடம், போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடுதல் சரக்கை இறக்கச் சொல்லும் உத்தரவு எழுத்தில் வர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது டயரின் பட்டன் ஆழம், அதாவது வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வரிப்பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று இருக்கும், ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல், இரு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. ஒரே ஓரம் என்றால் காற்றைத் தொடாமல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று) பாருங்கள்.