இரண்டு பட்டன், ஒரே ஸ்டாட்டிக்

ஆர்டுயினோ போர்டில் இரண்டு பட்டன் வைத்தால், ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடவில்லை. பட்டனை மாற்றிப் பார்த்தாயிற்று, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டுப் பார்த்தாயிற்று, புல்-அப் ரெசிஸ்டரை 10 கிலோ ஓமிலிருந்து 4.7க்கு இறக்கியும் ஆயிற்று. "போர்டுதான் சார் கோளாறு" என்று கடைசியில் கொண்டுவந்து வைப்பார்கள். போர்டில் ஒன்றும் இல்லை. புரோகிராமைத் திறந்தால் அதே டீபவுன்ஸ் ஃபங்ஷன் (அழுத்தும்போது பட்டன் துள்ளுவதை வடிகட்டுவது), உள்ளே அதே மூன்று ஸ்டாட்டிக் வேரியபிள்கள் (ஃபங்ஷன் முடிந்தாலும் மதிப்பை விடாதவை). எத்தனை தடவைதான் பார்ப்பது!

தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். "ஃபங்ஷனுக்குள்ளேதானே எழுதியிருக்கிறேன், கூப்பிடுகிற ஒவ்வொரு பட்டனுக்கும் தனியாக இருக்குமே" என்ற நினைப்பு. இருக்காது. உள்ளே எழுதுவதால் வெளியிலிருந்து அந்தப் பெயரைத் தொட முடியாது, அவ்வளவே. ரேமில் அதற்கு ஒரே ஓர் இடம். பத்து இடத்திலிருந்து கூப்பிட்டாலும் அதே இடம். வேறு வேறு பின் நம்பர் கொடுத்தாலும் அதே இடம். சி++ கிளாஸின் மெத்தடுக்குள் எழுதி நான்கு ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும், ஆமாம், அப்போதும் அதே இடம்தான்.

ஆர்டுயினோ உனோ ஆர்3 போர்டில் பின் 2, பின் 3 இரண்டிலும் உள் புல்-அப்போடு பட்டன் இருக்கிறது. அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. முந்தைய ரீடிங், உறுதியான நிலை, கடைசியாக மாறிய நேரம் மூன்றும் ஸ்டாட்டிக். பின் 2ஐ மட்டும் அழுத்துங்கள். முதல் அழைப்பு 0 படிக்கும்; முந்தைய ரீடிங்கில் கிடப்பதோ பின் 3 விட்டுப்போன 1. மாறிவிட்டதென்று நேரத்தைப் புதிதாகக் குறித்துக்கொள்ளும். அடுத்த அழைப்பு பின் 3ல் 1 படிக்கும், கிடப்பது 0. மறுபடி மாற்றம், மறுபடி புது நேரம். ரீடிங் மாறாமல் நிற்க வேண்டிய 50 மில்லிசெகண்ட் நிறையவே நிறையாது. விரல் தேய அழுத்தினாலும் மோட்டார் ஓடாது.

இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் வேடிக்கை. ரீடிங் ஒன்றாகிவிடுவதால் நேரம் நிறைந்து முதல் பட்டன் வேலை செய்யும்; உறுதியான நிலையையும் அதுவே மாற்றிவிடுவதால் இரண்டாவதுக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த அறிகுறியைப் பார்த்தால் சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். மேசையில் ஒற்றைப் பட்டனோடு சோதித்தபோது ஒழுங்காக ஓடியிருக்கும். அதனால்தான் யாரும் ஃபங்ஷனைச் சந்தேகிப்பதில்லை.

தீர்வு இதுதான். பின் நம்பர், நிலை, முந்தைய ரீடிங் ஒவ்வொரு பைட், நேரம் நான்கு பைட்: மொத்தம் 7 பைட்டில் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது வேரியபிள்களின் மூட்டை. பட்டனுக்கு ஒன்றாக ஃபங்ஷனுக்கு வெளியே வையுங்கள். நிலையும் ரீடிங்கும் 1ல் தொடங்கட்டும். ஃபங்ஷனுக்கு அதன் பாயின்டரை, அதாவது ரேம் முகவரியை, கொடுங்கள். ஸ்ட்ரக்டையே கொடுத்தால் நகல்தான் போகும், மாற்றம் திரும்பி வராது. தயவுசெய்து அதை லூப்புக்குள் சாதாரண வேரியபிளாக எழுதிவிடாதீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் பழசு போய்விடும்.

ஸ்டாட்டிக்கே கூடாது என்று சொல்லவில்லை. ஒற்றை எல்இடியைச் சிமிட்ட, கடைசி நேரத்தை நினைவில் வைக்க அதைவிட வசதி கிடையாது. ஆனால் அந்த நேரத்தை அன்சைன்டு லாங்கில் வையுங்கள். இந்த உனோவில் இன்ட் 32767 வரைதான், மில்லிசெகண்டில் எண்ணினால் 33 நொடிக்குள் குழம்பிவிடும். ஸ்டாட்டிக் போட்டால் ரேம் மிச்சம் என்பதும் கட்டுக்கதை. 200 பைட் அரே என்றால் இருக்கிற 2048 பைட்டில் 200 நிரந்தரமாகப் போயிற்று. ஒரு நன்மை, கம்பைல் முடிந்ததும் காட்டும் ரேம் கணக்கில் அது தெரியும். ஸ்டேக்கில் (ஃபங்ஷன் ஓடும்போது மட்டும் எடுத்துக்கொள்ளும் ரேமில்) போகிற அரே அந்தக் கணக்கில் வராது.

ஸ்டாட்டிக் பஃபரின் (எழுத்துகளைப் போட்டுவைக்கும் அரேயின்) பாயின்டரைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனை ஒரே பிரிண்ட்எஃப் வரியில் இரண்டு முறை கூப்பிடாதீர்கள், இரண்டு இடத்திலும் ஒரே வாசகம்தான் வரும். அப்படிப்பட்ட ஃபங்ஷனை லூப்பிலிருந்தும், ஓடுகிற வேலையை நிறுத்தி இடையில் புகும் இன்டரப்டிலிருந்தும் சேர்த்துக் கூப்பிடவே கூடாது. பாதி எழுதிய பஃபரின் மேல் இன்டரப்ட் வந்து எழுதும், வோலடைல் (ஒவ்வொரு முறையும் ரேமிலிருந்தே படிக்கச் சொல்லும் சொல்) போட்டாலும் நிற்காது. இன்டரப்டில் ஒரு ஃபிளாகை மட்டும் ஏற்றிவிட்டு, வேலையை லூப்பில் செய்யுங்கள்.

ஈஎஸ்பி32 சிப்பில் டீப் ஸ்லீப் (மின்சாரம் மிச்சம் பிடிக்கும் உறக்கம்) பயன்படுத்துகிறவர்களுக்கு: விழிக்கும்போது சிப் முதலிலிருந்து பூட் ஆகிறது, ஸ்டாட்டிக் கவுண்டர் மறுபடி 0. எண்ணிக்கை தொடர வேண்டுமானால் உறக்கத்திலும் அழியாத ஆர்டிசி மெமரியில் வையுங்கள். பவர் போனால் அதுவும் அழியும். அதற்கு ஃபிளாஷில்தான் எழுத வேண்டும், ஆனால் ஒவ்வொரு லூப்பிலும் அல்ல.