ஆக்‌ஷன்: ஈஸ்ட்வுட் சொல்லாத சொல்

படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநருக்கென்றே ஒதுக்கிவைத்த சொற்கள் இரண்டுதான். ஒன்று ஆக்‌ஷன், மற்றொன்று கட். கிளின்ட் ஈஸ்ட்வுட் வழக்கமாக இந்த இரண்டையும் சொல்வதில்லை. 1971-ல் ‘ப்ளே மிஸ்டி ஃபார் மீ’ படத்தின் மூலம் இயக்குநரானவர் அவர். 2024-ல் ‘ஜூரர் நம்பர் 2’ வெளிவந்தபோது அவருக்கு வயது 94. இடையில் ‘அன்ஃபர்கிவன்’, ‘மில்லியன் டாலர் பேபி’ ஆகிய இரண்டு படங்களுக்கும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கினார். இரண்டாவதை வாங்கியபோது வயது 74. அந்த விருதை அதைவிட மூத்த வயதில் யாரும் வாங்கியதில்லை. இத்தனைக்கும் அவர் தளத்தில் ஷாட் தொடங்கும்போது கேட்பது, “சரி, ஆரம்பிக்கலாம்” என்ற அளவில் ஒரு மெல்லிய குரல். முடியும்போது “அது போதும்”, அல்லது “நிறுத்தலாம்”.

இதற்குக் காரணம் குதிரைகள். 1959 முதல் 1965 வரை ‘ராஹைட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ரௌடி யேட்ஸ் என்ற மாட்டு மந்தை ஓட்டியாக நடித்தார் ஈஸ்ட்வுட். டெக்ஸாஸிலிருந்து மிசூரி வரை ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிச் செல்வதுதான் கதை. பல காட்சிகளில் நடிகர்கள் குதிரைமேல் இருப்பார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியில் “ஆக்‌ஷன்” என்று கத்துவார். குதிரைகள் பிய்த்துக்கொண்டு ஓடும். வசனத்தின் முதல் சொல் வாயிலிருந்து வருவதற்குள் நடிகர் சட்டகத்துக்கு வெளியே போயிருப்பார். 2016-ல் வந்த ‘சல்லி’ படத்தில் நடித்த டாம் ஹாங்க்ஸ் இதை ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லி, ஈஸ்ட்வுட் நடிகர்களையும் குதிரைகளைப் போலவே நடத்துகிறார் என்று சிரித்தார்.

குதிரை ஓடுவது வெறும் சத்தத்தால் மட்டுமல்ல. அது பழக்கத்தால் கற்றுக்கொண்ட பாடம். “ஆக்‌ஷன்” என்ற ஒலி கேட்கும், அடுத்த நொடி விலாவில் குதிகால் இடிக்கும், ஓட வேண்டும். பத்து இருபது முறை இப்படி நடந்தால் குதிகால் இடிக்கும்வரை அது காத்திருக்காது, சொல்லே போதுமானதாகிவிடும். குரல் வரும் திசைக்குக் காதைத் திருப்பி, கழுத்தைத் தூக்கி, எடையைப் பின்னங்காலுக்கு மாற்றும்போதே அது ஓடத் தயாராகிவிட்டது. மேலே இருப்பவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் தலையை ஆட்டி முரண்டு பிடிக்கும், அந்த டேக்கும் போய்விடும். கேமராவுக்கு முன்னால் குதிரையோடு வேலை செய்கிறவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்கும், கையசைவுக்கு மாறுவதற்கும் இதுவே காரணம்.

இந்த இடத்தில் சொல்லின் வேரைப் பார்ப்பது நல்லது. ஆக்‌ஷன் என்பது லத்தீன் ‘ஆக்டியோ’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கு அடிப்படை ‘அகெரே’ என்ற வினை. பிற்காலத்தில் ‘செய்’ என்ற பொதுப்பொருள் பெற்ற இந்த வினைக்கு முதற்பொருள் ஓட்டு, முடுக்கு, முன்னால் விரட்டு என்பதே. மந்தையை ஓட்டிச் செல்வதற்கு வழங்கிய சொல் அது. ஓட்டுதல் என்றே பொருள்படும் சமஸ்கிருத ‘அஜதி’யும் இதன் உறவு. ஏஜென்ட், அஜெண்டா, ஆக்டர் எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. மந்தை ஓட்டும் கதை எடுத்த இடத்தில், மந்தை ஓட்டும் பொருள் உள்ளே உறங்கிய ஒரு சொல் குதிரைகளை விரட்டிவிட்டிருக்கிறது.

தமிழில் நாம் டைரக்டரை ‘இயக்குநர்’ என்கிறோம். இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. தானாக அசைவது ஒன்று, பிறரை அசையச் செய்வது மற்றொன்று. ‘அகெரே’யின் பழம்பொருளுக்கு வெகு அருகில் நிற்கிறது இந்தத் தமிழ்ச் சொல். ஓட்டுநர், பெறுநர், பயிற்றுநர் போல இங்கும் விகுதி ‘நர்’தான், ‘இயக்குனர்’ என்று எழுதுவது பிழை. பெரிய பட விளம்பரங்களிலும் இந்தப் பிழை தொடர்வது வருத்தமாக இருக்கிறது.

இனி ஆக்‌ஷனின் பொருள்கள். ரோமானியர்களிடமே இந்தச் சொல் பல வேலை பார்த்தது. வழக்குத் தொடுப்பதும் ஆக்டியோ, மேடைப் பேச்சாளர் குரலாலும் கையாலும் முகத்தாலும் பொருளை வெளிப்படுத்துவதும் ஆக்டியோ. முதலாவதன் தொடர்ச்சிதான் நாம் சொல்லும் ‘ஆக்‌ஷன் எடுப்பேன்’. அதற்கு ‘நடவடிக்கை’ என்ற நல்ல சொல் நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. இரண்டாவதன் தொடர்ச்சி பள்ளிக்கூடத்து ஆக்‌ஷன் சாங். அபிநயப் பாடல் என்றும் செய்கைப் பாடல் என்றும் சொல்வோம். ‘ஓவர் ஆக்‌ஷன் பண்ணாதே’ என்று பேச்சில் வருவதும் இந்தப் பொருளில்தான். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு வேறு வடிவம் வந்துவிட்டது; நம் பேச்சிலோ ரோமானியப் பேச்சாளரின் கையசைவு இன்னும் உயிரோடிருக்கிறது.

ஆக்‌ஷன் படம் என்பதை அதிரடிப் படம் அல்லது சண்டைப் படம் என்று எழுதலாம். ஆனால் ஆக்‌ஷன் டைரக்டர் என்று வரும்போது கவனம் வேண்டும். அது சண்டைப் பயிற்சியாளரைக் குறிக்கும், அதிரடிப் படங்களை இயக்குகிறவரை அல்ல. ஈஸ்ட்வுட்டைப் பற்றிய செய்தியில் அவரை ஆக்‌ஷன் இயக்குநர் என்று எழுதினால் அவர் ஸ்டண்ட் மாஸ்டர் ஆகிவிடுவார்.

எஞ்சி நிற்பது தளத்தில் வரும் கட்டளைச் சொல். மேற்சொன்ன எந்தப் பெயரும் இதற்குப் பொருந்தாது; காரணம், அங்கே அது பெயர்ச்சொல்லாக நின்றாலும் ஏவலாகவே வேலை செய்கிறது. அந்த வேலையைப் புரிந்துகொள்ள அதற்கு முன்னால் வரும் சொற்களின் வரிசை தெரிய வேண்டும்.

முதலில் உதவி இயக்குநர் “சைலன்ஸ்” கேட்பார். அடுத்து “ரோல் சவுண்ட்”. ஒலிப்பதிவாளர் கருவியை ஓடவிட்டு “ஸ்பீட்” என்பார். நாடாவும் கேமரா மோட்டாரும் சரியான வேகத்தைப் பிடிக்கச் சில நொடிகள் தேவைப்பட்ட காலத்தின் எச்சம் அந்தச் சொல். பிறகுதான் “ரோல் கேமரா”. ஒலி முன்னே, படம் பின்னே என்ற வரிசைக்குக் காரணம் காசு. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓடினால் நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீரும். கேமரா ஓடத் தொடங்கியபின் பத்து நொடி வீணானால் 15 அடி போய்விடும். ஒலிநாடா அதைவிட மிக மலிவு. கேமரா ஓடியதும் கிளாப் அடிப்பவர் காட்சி எண், டேக் எண் சொல்லிப் பலகையைத் தட்டுவார். தட்டும் ஒலியையும் இரு கட்டைகள் சேரும் சட்டகத்தையும் பொருத்தித்தான் எடிட்டர் ஒலியையும் படத்தையும் இணைக்கிறார். கேமராமேன் சட்டகத்தைச் சரிசெய்துவிட்டு “செட்” என்பார். கூட்டம் இருந்தால் “பேக்ரவுண்ட்” என்று அவர்களை முதலில் நடக்கவிடுவார்கள். கடைசியாக ஆக்‌ஷன்.

மௌனப்பட காலத்தில் இயக்குநர் ஷாட் ஓடும்போதே பேசிக்கொண்டிருக்கலாம். “திரும்பு, அவளைப் பார், இப்போது அழு” என்று கூம்புக்குழலில் சொல்லிக்கொடுக்கலாம். 1927-க்குப் பிறகு பேசும்படம் பரவியதும் அந்த வசதி போயிற்று. அதற்குப்பின் ஆக்‌ஷன்தான் இயக்குநர் வாய்மூடுவதற்கு முன் சொல்லக்கூடிய கடைசிச் சொல். எல்லாக் கட்டுகளையும் ஒரே நொடியில் அவிழ்க்க வேண்டிய சொல் என்பதாலேயே அதைக் கத்தும் வழக்கம் நிலைத்துவிட்டது.

நடிகருக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். சைலன்ஸ், ஸ்பீட், ரோலிங், மார்க் என்று ஒவ்வொரு குரலுக்கும் உடல் ஒரு படி இறுகுகிறது. கடைசியில் ஒரு கத்தல். தோள் ஏறும், மூச்சு பிடிபடும், வசனத்தின் முதல் சொல் தேவைக்கு மேல் உரத்து வரும். அமைதியாகத் தேநீர் குடிக்கும் காட்சியானால் முதல் இரண்டு நொடியில் தெரிவது பாத்திரம் அல்ல, கத்தலைக் கேட்ட மனிதர். அனுபவமுள்ள நடிகர் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தொடங்குவார். அறையில் எதிரொலிக்கும் இயக்குநரின் குரல் வசனத்தின்மேல் ஏறாமலிருக்கவும் அந்த இடைவெளி உதவும். புதியவர் உடனே பேசிவிடுவார். முதல் சொல் ஒலித்தடத்தில் கெட்டுப்போகும்.

ஈஸ்ட்வுட் வரிசையின் கடைசிச் சொல்லை மட்டுமல்ல, வரிசை முழுவதையுமே அடக்கி வாசிக்கிறார். வெள்ளை மாளிகையில் பாதுகாப்பு அதிகாரிகள் காதுக்கருவி வழியாகச் சத்தமின்றிப் பேசிக்கொள்வதைக் கண்டு, படக்குழுவும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். தளத்தில் வாக்கி-டாக்கிகள் அலறாது. ஒத்திகை என்று நடிகர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேமரா ஓடுவதும் உண்டு. முதல் டேக், அதிகம் போனால் இரண்டாம் டேக்கோடு நகர்ந்துவிடுவார். ‘மில்லியன் டாலர் பேபி’ 40 நாளுக்குள் எடுத்து முடித்த படம்.

இதை அப்படியே பின்பற்ற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இதற்குப் பின்னால் இருக்கும் குழு. ஒளிப்பதிவாளர் டாம் ஸ்டெர்ன் 1980-களிலிருந்து அவர் படங்களுக்கு விளக்கமைப்புப் பொறுப்பில் இருந்து, 2002-ல் ஒளிப்பதிவாளரானவர். எடிட்டர் ஜோயல் காக்ஸ் அதற்கும் முன்பிருந்தே உடன் இருப்பவர். ஒரு தலையசைவு போதும் இவர்களுக்கு. புதிய குழுவிடம் மெல்லச் சொன்னால் ஃபோகஸ் பிடிப்பவருக்குக் கேட்காது, மைக் பிடிப்பவர் தூக்கியிருக்க மாட்டார், பின்னால் நடக்க வேண்டியவர் நிற்பார். எனவே முதலில் அமைதியைப் பழக்க வேண்டும், காதுக்கருவியில் யார் யாருக்கு என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். குரலைத் தாழ்த்துவதெல்லாம் அதன் பிறகு.

தமிழில் இந்தக் கட்டளைக்கு எதைச் சொல்வது? ‘செயல்’ என்பது அகராதிப் பொருள், தளத்தில் ஒலிக்காது. ‘நடி’ என்றால் அது நடிகரை மட்டும் ஏவுகிறது. கேமராவைத் தள்ளுபவருக்கும், கதவைத் திறந்துவிடுபவருக்கும், குதிரைக்கும் அது பொருந்தாது. ‘தொடங்கு’ பரவாயில்லை, எழுத்தில் நன்றாக நிற்கும். ஆனால் இலக்கணம் கற்றுத்தரும் ஒரு வேறுபாடு இங்கே உதவிக்கு வருகிறது. ஏவல் வினை முன்னால் நிற்பவரை நோக்கியது: செய், போ, ஓடு. வியங்கோள் மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது: வாழ்க, வருக, தொடங்குக. இன்றைய வழக்கில் இந்த வேலையை ‘அட்டும்’ என்ற ஈறு செய்கிறது: வரட்டும், நடக்கட்டும், ஆகட்டும்.

உரத்த ‘ஆக்‌ஷன்’ ஓர் ஏவல். ஈஸ்ட்வுட்டின் மெல்லிய குரல் வியங்கோள். “ம்… ஆகட்டும்” என்று நாம் அன்றாடம் சொல்வது அதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. அது யாரையும் பிடித்துத் தள்ளவில்லை; நடக்கவிருப்பது நடக்கட்டும் என்று வழிவிடுகிறது. ஒரு குறை உண்டு. சொன்னதற்குச் சரி என்று பதில் சொல்லவும் ‘ஆகட்டும்’ வரும். ஒளிப்பதிவாளர் “லைட்டை மாற்றிவிடவா?” என்று கேட்க இயக்குநர் “ஆகட்டும்” என்றால் நடிகர் நடிக்கத் தொடங்கிவிடுவார். தளத்தில் இதைப் புழங்குவதாக இருந்தால் மற்றப் பேச்சுகளில் ‘சரி’ மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

‘கட்’டுக்கு ‘வெட்டு’ என்று எழுதுவது தவறான நேர்பெயர்ப்பு. சுருளைக் கத்தரித்து ஒட்டிய வேலையிலிருந்து எடிட்டிங் அறையில் நிலைத்த பொருள் அது. அங்கே அது சரி. தளத்தில் அந்த நொடியில் யாரும் எதையும் வெட்டுவதில்லை. அங்கே வேண்டியது ‘போதும்’. ஈஸ்ட்வுட் சொல்வதன் பொருளும் இதுதான், இதைவிடப் பொருத்தமாகத் தமிழில் ஒன்று கிடைக்காது. ‘கட்’ வல்லொற்றில் முறிகிறது. ‘போதும்’ உதடு மூடி அடங்குகிறது. அழுது முடித்த நடிகையிடம் எதைச் சொல்லலாம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

சண்டைக்காட்சி, வெடி, கார் மோதல், ஆயிரம் பேர் கூட்டம் இவற்றுக்கு உரத்த ‘ஆக்‌ஷன்’ தேவை. மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி எல்லாக் காதுக்கும் ஒரே நொடியில் விழ வேண்டும். பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ‘ஆகட்டும்’ ஆபத்து.

தூங்கும் குழந்தை, குதிரை, நாய் போன்றவற்றுக்கு ‘ஆகட்டும்’கூட அதிகம். கையசைவில் தொடங்கி, கிளாப்பை ஷாட்டின் கடைசியில் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள். எண்ட் போர்டு என்பது அதுதான். இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. ஷாட் நன்றாக வந்த மகிழ்ச்சியில் இயக்குநர் “போதும்” என்றதும் கேமராவை நிறுத்திவிடுவார்கள், பலகை பதிவாகியிருக்காது. எடிட்டர் உதட்டசைவையும் காலடியையும் பார்த்துப் பார்த்து ஒலியைப் பொருத்த வேண்டிவரும். “எண்ட் போர்டு” என்று உதவி இயக்குநர் குரல் கொடுத்து, பலகை தட்டி முடிந்த பிறகுதான் “போதும்”.