தன் அலையிலேயே மேடு ஏறும் படகு

திருகோணமலை உட்துறைமுகத்திலிருந்து மூதூர்ப் பக்கம் போய், மகாவலி கடலில் விழும் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று விடிய ஆறரைக்கே புறப்பட்டோம். மச்சானின் 6 மீற்றர் பைபர் படகு, பின்னால் 40 குதிரைவலு எஞ்சின். ஆடி மாதம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காலம் என்பதால் கரையோரத்தில் பெரிய அலை இல்லை.

கொட்டியாரக் குடாவுக்குள் வந்து வேகத்தைக் கூட்டியதும் அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்த்தது. எஞ்சின் உறுமுகிறது, படகு மட்டும் இழுபடுகிறது. "முன்னுக்குப் போய் இரு" என்றான் மச்சான். போய் இருந்தேன். சில செக்கனில் அணியம் தாழ்ந்தது. படகு வழுக்கிக்கொண்டு பாய்ந்தது.

மெதுவாகப் போகும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கிவிட்டு அந்தக் குழிக்குள் இருக்கிறது. நகரும்போது அணியம் ஒரு அலையை எழுப்பும். அது படகின் வேகத்திலேயே கூட வரும். ஆழமான தண்ணீரில் நீளமான அலைதான் வேகமாக ஓடும். ஆகவே படகு வேகம் பிடிக்கப் பிடிக்க இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரமும் கூடும். 6 மீற்றர் நீள அலையின் வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு முகடு அணியத்தில், அடுத்தது படகின் பின்னந்தலையில். அதற்கு மேல் போனால் பின்முகடு விலகிவிடும், பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும், மூக்கு நிமிரும். படகு தான் எழுப்பிய அலையிலேயே மேடு ஏறத் தொடங்கிவிடும். பெற்றோல் வீணாகப் போவது இங்கேதான். இந்த அலைத்தடையை 1860களில் இங்கிலாந்தில் வில்லியம் புரூட் மாதிரிப் படகுகளை இழுத்து அளந்து பார்த்தார்.

சீனக்குடாவுக்கு வரும் கோதுமைக் கப்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை. 200 மீற்றர் நீளம் என்றால் அந்த எல்லை மணிக்கு 60 கிலோமீற்றருக்கும் மேல். அவ்வளவு வேகத்தில் அது போவதே இல்லை.

சரி, நாங்கள் எப்படித் தாண்டினோம்? ஓட்டுத் துண்டைச் சரித்து எறிந்தால் தண்ணீரில் தத்திப் போகுமே, அதே வழிதான். சாய்ந்த அடிப்பாகம் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் படகை மேலே தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூக்கல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மேட்டைத் தாண்டியதும் படகு குழியை விட்டு எழுந்து தண்ணீரின் மேல் சறுக்கும். அளவுக்கு மீறி நிமிர்ந்த அணியத்தை என் எடை கீழே அமர்த்தியதால் அது சீக்கிரம் நடந்தது. ஆட்களை நிறைய ஏற்றியிருந்தால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் அந்த மேட்டிலேயே நின்றிருப்போம்.

மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பி, குடாவில் அலை குத்தத் தொடங்கியது. திரும்பி உட்துறைமுகத்துக்குள் வரும்போது பலரும் வேகத்தைப் பாதியாகக் குறைப்பார்கள். அது பிழை. பெரிய அலை எழுவது அந்த அரைவேகத்தில்தான், கட்டியிருக்கும் வள்ளங்கள் ஒன்றோடொன்று மோதுவதும் அதனால்தான். அடங்கிப் போவதென்றால் அந்த 11 கிலோமீற்றருக்கும் நன்றாகக் கீழே வரவேண்டும். அதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். மச்சான் ஒரேயடியாகக் குறைத்தான். படகு அமர்ந்தது. பின்னால் ஓடி வந்த எங்கள் சொந்த அலை எஞ்சின் பலகைக்கு மேலால் ஏறி, உள்ளே வைத்திருந்த செருப்புகளை மிதக்க விட்டது.