விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேடும் வேலை

ஜெட் விமானத்தின் உடலைப் போர்த்தியிருக்கும் அலுமினியத் தகடு பல இடங்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். விமானம் உயரே போனதும் உள்ளே அடைபட்ட காற்று, அந்தத் தகட்டை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசையோடு வெளிப்பக்கம் தள்ளும். தரையிறங்கினால் அந்த விசை விலகிவிடும். ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கும். குறுந்தூரத் தடங்களில் ஓடும் விமானத்துக்கு ஒரே நாளில் பல தடவை நடக்கும். இப்படி இழுபட்டுத் தளர்கிற உலோகம் பெரும்பாலும் நடுத்தகட்டில் விட்டுக்கொடுக்காது. தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டுக்குப் போட்ட துளையின் விளிம்பில்தான் விரிசல் தொடங்கும். தொடங்கும்போது அது தலைமுடியை விட மெல்லியது. மேலே பெயின்ட் இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

பராமரிப்பு ஆய்வாளரின் வேலை அதைக் கண்டுபிடிப்பது. "விரிசல் இருக்கிறதா?" என்ற கேள்வியோடு அவர் போவதில்லை. "இருக்கிறது, எங்கே?" என்பதுதான் கேள்வி. இது மனப்பாங்கு பற்றிய அறிவுரை இல்லை. கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. 1978-இல் அமெரிக்க விமான வடிவமைப்பு விதிகள் மாற்றப்பட்டபோது, முக்கியமான பாகங்களில் தொடக்கத்திலிருந்தே குறை இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடும் முறை நிலைபெற்றது. ஒரு துளையின் மூலையில் 1.27 மி.மீ. விரிசல் இருப்பதாக எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் வழக்கம். அது ஒவ்வொரு பறப்பிலும் எவ்வளவு வளரும், எந்த நீளத்தில் கருவிக்குப் பிடிபடும், எந்த நீளத்தில் பாகம் உடையும் என்று வரிசையாகப் பார்ப்பார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. விரிசல் 24,000-ஆவது பறப்பில் கருவிக்குப் பிடிபடும் அளவை எட்டுகிறது. 48,000-ஆவது பறப்பில் பாகம் உடையும். இடைவெளி 24,000. அதை மூன்றால் வகுத்து, 8,000 பறப்புகளுக்கு ஒருமுறை ஆய்வு என்று விதிப்பார்கள். அதாவது ஒரே விரிசலைப் பிடிக்க மூன்று வாய்ப்புகள். ஏன் மூன்று? ஆய்வாளர் தவறவிடுவார் என்பதும் கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது.

எவ்வளவு தவறவிடுவார் என்பதையும் அளக்கிறார்கள். ஒரு சோதனை முறையின் திறனைச் சொல்ல, நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பிடிபடும் விரிசல் நீளம் எது என்று கேட்பார்கள். அந்தத் தொண்ணூறு என்பதையே 95 சதவீத நம்பிக்கையோடு நிரூபிக்கவும் வேண்டும். எளிய வழி, ஒரே அளவுள்ள 29 விரிசல்களைக் கொடுத்து 29-ஐயும் கண்டுபிடிக்கச் சொல்வது. 0.9-ஐ 29 தடவை பெருக்கினால் 0.047 வரும். ஆகவே, உண்மைத் திறன் தொண்ணூறுக்குக் கீழே உள்ள ஒருவர் 29-ஐயும் பிடித்துவிடும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஒன்று தவறினாலும் 29 போதாது, இன்னும் அதிக மாதிரிகள் வேண்டும். கவனிக்க வேண்டியது: மூன்று வாய்ப்பிலும் தவறுவது ஆயிரத்தில் ஒன்று என்று காகிதத்தில் வரும். நடைமுறையில் மூன்று ஆய்வும் அதே மங்கலான வெளிச்சத்தில், அதே எட்டாத மூலையில், அதே நள்ளிரவு ஷிஃப்டில் நடந்தால், அவை மூன்று தனித்தனி வாய்ப்புகள் ஆகா.

விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் நடக்கும் ஆய்வில் பெரும்பகுதி வெறும் கண்ணால் நடப்பதுதான். டார்ச், மறைவான இடத்தைப் பிரதிபலித்துக் காட்டும் கையடக்கக் கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாயான போரஸ்கோப். டார்ச்சை நேராக அடிப்பவர் புதியவர். பரப்புக்கு 5 முதல் 45 டிகிரிச் சாய்வில், வெளிச்சம் தன் பக்கமாக வரும்படி, ஆனால் எதிரொளி கண்ணில் அடிக்காதபடி பிடிக்க வேண்டும். அப்போதுதான் விரிசலின் உதடு நிழல் போடும். விரிசலைவிட அதன் அடையாளங்களே முதலில் கண்ணில் படும்: ரிவெட் தலையைச் சுற்றிக் காற்றோட்டத் திசையில் நீளும் கறுப்புக் கறை (ரிவெட் ஆடுகிறது), பெயின்டில் மயிரிழைக் கோடு, ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு உப்பியிருப்பது (உள்ளே துரு). இதனால்தான் ஆய்வுக்கு முன் கழுவுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. அழுக்கோடு பார்த்தால் விரிசல் மறையும். முழுக்கக் கழுவிவிட்டுப் பார்த்தால் கறை போய்விடும். அனுபவசாலிகள் கழுவும் முன் ஒருமுறை, கழுவிய பின் ஒருமுறை பார்ப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்கும் முறைகளில் பழையதும் எளியதும் ஒளிரும் ஊடுருவுதிரவச் சோதனை. எளியது என்பதாலேயே ஏமாற்றக்கூடியது. பாகத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் சுத்தம் செய்து உலர்த்தி, ஒளிரும் திரவத்தைப் பூசி, பத்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை விடுவார்கள். நுண்துளை ஈர்ப்பால் திரவம் விரிசலுக்குள் இறங்கும். மேற்பரப்பைக் கழுவி உலர்த்தி, வெண்பொடியைத் தூவினால், ஒற்றுத்தாள் மையை உறிஞ்சுவது போலப் பொடி உள்ளே தங்கிய திரவத்தை வெளியே இழுக்கும். பிறகு இருட்டறை. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் விரிசல் பச்சை மஞ்சளாக மின்னும். அறைக்குள் வெளி வெளிச்சம் 20 லக்ஸைத் தாண்டக் கூடாது. உள்ளே வந்த ஆய்வாளர் கண் பழகக் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். வெயிலில் கறுக்கும் வகைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது, புற ஊதாவிலும் அது கறுத்துவிடும்.

தவறுவது எங்கே? முன்பு மணலையோ சிறு உருண்டை மணிகளையோ வேகமாக வீசிச் சுத்தம் செய்திருந்தால், மென்மையான உலோகம் விரிசலின் வாயை மூடிவிடும். விரிசலுக்குள் தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் திரவம் நுழைய இடமில்லை. கழுவுகிறவர் தண்ணீரை அதிகம் பீய்ச்சினால் அகலமான விரிசலிலிருந்த திரவமே போய்விடும். பெரிய விரிசல் தப்பிச் சின்னது மாட்டும் விநோதம் இதனால்தான். எனவே தினமும் வேலை தொடங்கும் முன், தெரிந்த விரிசல்கள் உள்ள ஒரு மாதிரித் தகட்டை அதே தொட்டிகளில் முக்கியெடுத்து, எல்லாம் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள்.

இந்தச் சோதனை தோற்றதால் நேர்ந்தது 1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டி விபத்து. யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில், வால் எஞ்சினின் முன் விசிறித் தட்டு பறக்கும்போதே உடைந்தது. சிதறிய துண்டுகள், விமானத்தைத் திருப்பும் பரப்புகளை இயக்குகிற மூன்று ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்புகளையும் அறுத்தன. 112 பேர் இறந்தார்கள். டைட்டானியத்தை உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட ஒரு கெட்டியான குறைதான் விரிசலின் வித்து. அந்தத் தட்டு அதன் ஆயுளில் பலமுறை ஊடுருவுதிரவச் சோதனைக்குப் போயிருந்தது. கடைசிச் சோதனையின்போது விரிசல் ஏறத்தாழ அரை அங்குலம் இருந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அது பிடிபட வேண்டிய அளவுதான். ஆய்வு நடைமுறைகளில் மனித வரம்புகளுக்குப் போதிய இடம் தரவில்லை என்பது விசாரணை முடிவு. நூற்றுக்கணக்கான தட்டுகளைப் பார்த்து ஒன்றிலும் விரிசல் காணாத கண், அடுத்ததிலும் இருக்காது என்று முடிவுகட்டிக்கொள்கிறது.

அலுமினிய உடற்கூட்டில் ரிவெட் துளைகளைப் பார்க்க எடி கரண்ட் கருவி வேண்டும். பேனா போன்ற முனையில் சிறு கம்பிச்சுருள். அதில் மாறுமின்னோட்டம் ஓடும்போது எதிரே உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். விரிசல் குறுக்கிட்டால் அந்தச் சுழல் சுற்றிப் போக நேரும். மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் தரும் எதிர்ப்பு மாறும். திரையில் புள்ளி துள்ளும். பெயின்டை உரிக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆழத்தைத் தீர்மானிப்பது அதிர்வெண். விமான அலுமினியத்தில் 100 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 0.4 மி.மீ. ஆழத்திலேயே அடங்கிவிடும். மேல்தகட்டின் விரிசலுக்கு அது பொருத்தம். கீழ்த்தகட்டைப் பார்க்க வேண்டுமானால் சில கிலோஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் ஆழம் 4 மி.மீ. ஆகும், ஆனால் சிறு விரிசல் அந்த அகன்ற சுழலில் கரைந்துபோகும்.

வேலைக்கு முன் அதே உலோகக் கலவையில், தெரிந்த அளவு வெட்டுள்ள மாதிரித் துண்டில் கருவியைச் சரிசெய்வார்கள். முனையைத் தூக்கினால் புள்ளி கிடைமட்டமாகவும், வெட்டின் மேல் போனால் செங்குத்தாகவும் நகரும்படி திரையைத் திருப்பி வைப்பது வழக்கம். கை லேசாக ஆடியதால் வந்தது எது, விரிசலால் வந்தது எது என்று அப்போதுதான் பிரிக்க முடியும். ரிவெட்டைச் சுற்றி முனை ஒரே தூரத்தில் ஓட வட்டத் துளையுள்ள பிளாஸ்டிக் அச்சு ஒன்றை வைத்துக்கொள்வார்கள். முனை ரிவெட் பக்கம் சற்று ஒதுங்கினாலும் பொய் சமிக்ஞை வரும். முடிந்ததும் மாதிரித் துண்டில் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே துள்ளல் குறைந்திருந்தால், கடைசியாகச் சரிபார்த்த நேரத்திலிருந்து பார்த்த அத்தனை ரிவெட்டுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த விதியை யாருக்கும் பிடிக்காது. ஆனால் இது இல்லாவிட்டால் மற்ற விதிகளுக்குப் பொருளில்லை.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-இன் மேற்கூரை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்ந்து போனது. அந்த விமானம் 89,680 பறப்புகளை முடித்திருந்தது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்று படிந்து இணையும் பொருத்தில் இருந்த பசை விட்டுப்போய், பசை தாங்க வேண்டிய சுமையும் ரிவெட்டுகள் மேல் ஏறியது. மெல்லிய தகட்டில் ரிவெட் தலை பதியக் குடைந்த துளைகளின் விளிம்பு கத்திமுனையாகக் கூர்ந்திருந்தது. அங்கிருந்து விரிசல்கள் கிளம்பி ஒன்றோடொன்று இணைந்தன. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார். ஏறும்போதே வாசலருகே விரிசல் ஒன்றைப் பார்த்ததாகப் பயணி ஒருவர் பின்னர் சொன்னார். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. தனித்தனியாக ஆபத்தில்லாத அளவிலான பல விரிசல்கள் ஒரே வரிசையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த விபத்துக்குப் பிறகுதான் துறை முழுத் தீவிரத்தோடு எடுத்துக்கொண்டது.

மற்ற முறைகள் சுருக்கமாக. லேண்டிங் கியர் போன்ற எஃகுப் பாகங்களைக் காந்தமாக்கி இரும்புத்தூள் தெளித்தால், விரிசலில் தூள் குவியும். காந்தப்புலத்துக்கு இணையாக ஓடும் விரிசல் தெரியாது என்பதால், இரண்டு குறுக்குத் திசைகளில் காந்தமாக்க வேண்டும். முடிந்ததும் காந்தத்தை நீக்காவிட்டால் திசைகாட்டியும் தாங்கிகளும் (பேரிங்) கெடும். தடித்த பாகங்களின் உட்புறத்தைப் பார்க்க, காதுக்குக் கேட்காத மீயொலி. தேன்கூட்டுப் பலகைக்குள் தண்ணீர் புகுந்திருப்பதை எக்ஸ்ரே காட்டும், அதற்கு அந்தப் பகுதியில் ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள் பலகையில் அடுக்கு விட்டிருக்கிறதா என்பதை இன்றும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல இடம் கணீரென்றும், விட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும்.

தரக் கட்டுப்பாட்டின் இன்னொரு பாதி, மனிதர் பொருத்தியதைச் சரிபார்ப்பது. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிஏசி ஒன்-இலெவன் விமானத்தில், 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்க முன்கண்ணாடி பறந்துபோனது. கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டு, சக ஊழியர்கள் பிடித்துக்கொண்டதால் உயிர் பிழைத்தார். கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் ஏறத்தாழ 0.66 மி.மீ. குறைவு, மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாகப் பட்டியலைப் பார்க்காமல், அதிகாலையில் மங்கிய வெளிச்சத்தில் கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்ததன் விளைவு. பழைய போல்ட்டுகளே கூடச் சரியானவை இல்லை. செய்தவர் ஷிஃப்ட் மேலாளர், கையெழுத்திட்டதும் அவரே. அந்த வேலைக்கு இரண்டாவது ஆளின் சோதனை கட்டாயமாக இருக்கவில்லை.

பறப்புக் கட்டுப்பாட்டு இணைப்புகள், எஞ்சின் மாற்றம் போன்ற வேலைகளில், செய்தவர் தானே சரிபார்க்கக் கூடாது என்ற விதி இதற்குத்தான். இரண்டாவது ஆள் என்ன பார்க்கிறார்? பாக எண் பட்டியலோடு பொருந்துகிறதா, பாகம் பயன்படுத்தத் தகுந்தது என்ற வெளியீட்டுச் சான்றிதழ் இருக்கிறதா, ரப்பர் வளையமும் பசையும் காலாவதி ஆகவில்லையா, குறித்த விசையளவில் இறுக்கும் டார்க் ரெஞ்சின் அளவுத்திருத்தத் தேதி கடக்கவில்லையா, பூட்டுக்கம்பி நட்டை இறுக்கும் திசையில் இழுக்கிறதா, கட்டுப்பாட்டுப் பரப்பு சரியான திசையில் முழுத் தூரம் நகர்கிறதா. பலகையை மூடும் முன் உள்ளே துணியோ ஸ்பேனரோ தங்கவில்லையா என்பது கடைசி. ஒரு ஸ்பேனர் கணக்கில் வரவில்லையென்றால், கிடைக்கும் வரையோ, உள்ளே இல்லை என்று உறுதியாகும் வரையோ விமானம் வெளியே போகாது.

இந்த வேலைக்கு நேரடியாக வருகிறவர்கள் குறைவு. மெக்கானிக்காகச் சில ஆண்டுகள் வேலை பார்த்து, லைசென்ஸ் எடுத்து, பிறகுதான் ஆய்வாளர் முத்திரை கையில் கிடைக்கும். பாகத்தைச் சிதைக்காமல் செய்யும் இந்தச் சோதனைகளைச் செய்பவர்களில் மூன்று நிலைகள்: முதல் நிலையினர் வழிமுறைப்படி சோதனை செய்வார்கள், இரண்டாம் நிலையினர் கருவியை அமைத்து முடிவு சொல்வார்கள், மூன்றாம் நிலையினர் வழிமுறையை எழுதுவார்கள், தேர்வும் நடத்துவார்கள். அருகில் உள்ளது தெளிவாகத் தெரிகிறதா என்ற கண் சோதனை ஆண்டுதோறும் உண்டு. நிற வேறுபாடு தெரிகிறதா என்பதையும் குறித்த காலத்தில் பார்ப்பார்கள். கணிதத்தை விடச் சலிப்பைத் தாங்கும் குணம் முக்கியம். ஒரு ஷிஃப்டில் ஆயிரம் ரிவெட்டுகள், ஒன்றிலும் எதுவும் இல்லை என்ற நாள்தான் சாதாரண நாள்.

விரிசல் கிடைத்தால் எழுதுவதும் வேலையின் பாகம். "தகட்டில் விரிசல்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. உடற்கூட்டின் எந்தக் குறுக்குச் சட்டம் (ஃபிரேம்), எந்த நீளவாட்டுத் தண்டு, எத்தனையாவது ரிவெட், எந்தத் திசை, எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கருவியில், எத்தனை பறப்புகளுக்குப் பின் என்று எழுத வேண்டும். அந்தத் தகவல் தயாரிப்பாளரிடம் போகும். கணக்கிட்டதை விட முன்னதாகவே அங்கே விரிசல் வருகிறது என்று தெரிந்தால் ஆய்வு இடைவெளி குறைக்கப்படும். தேவைப்பட்டால் ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கட்டாய உத்தரவாக்கும். அந்த ரக விமானங்கள் அத்தனையிலும் அதே ரிவெட் வரிசையை அதற்குப் பிறகு முன்கூட்டியே திறந்து பார்ப்பார்கள்.