தேமல் களிம்பு எழுதும் முன் சொந்த ஊரைக் கேளுங்கள்

மதுரையில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, முகத்தில் வெளிறிய திட்டுகளோடு வருபவர்கள் புதியவர்கள் அல்லர். பெரும்பாலும் அது தேமல், சில வேளை தொழுநோயின் தொடக்கம். ஒத்தக்கடைப் பக்கம் கட்டட வேலை செய்துவந்த பீகார் இளைஞர் ஒருவர், வாயைச் சுற்றியும் தாடையிலும் பரவிய திட்டுகளுக்குப் பல மாதங்கள் தேமல் களிம்பு தடவிப் பயனில்லாமல், தொழுநோய் என்ற சந்தேகத்தின் பேரில் அனுப்பப்பட்டு வந்தார். பஞ்சு நுனியால் தொட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் சரியாகக் காட்டினார், நரம்புகளும் தடித்திருக்கவில்லை. முகத்தில் வரும் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி முழுவதும் போகாமலும் இருக்கலாம் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது. முன்பு நீண்ட நாள் காய்ச்சல் இருந்ததா என்று உடன் வந்த மேஸ்திரி மூலம் கேட்டபோது, 'காலா அசார்' என்று அந்த இளைஞரே பெயர் சொன்னார்.

மணல் ஈயால் பரவும் அந்தக் காய்ச்சல் குணமான பின், சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, அதே ஒட்டுண்ணி தோலில் திட்டுகளாகவும் முடிச்சுகளாகவும் வெளிப்படுவதுண்டு. காலா அசாருக்குப் பின் வரும் இந்தத் தோல் நோயை (பி.கே.டி.எல்.) கல்கத்தா மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1922-இல் விவரித்தார். ஒட்டுண்ணியை அடையாளம் கண்டவர்களுள் ஒருவரான டோனவன், 1903-இல் சென்னையில் பணியாற்றியவர் என்பதை நம் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். இன்று பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து வருபவர்களிடமே இதை முதலில் எதிர்பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்த நினைவே இல்லாதவர்களும் உண்டு.

காலா அசாரைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையான ஆர்கே-39 பட்டை, பழைய காய்ச்சலின் காரணமாகவே ஆண்டுக்கணக்கில் 'உண்டு' என்று காட்டக்கூடும். முடிச்சுகள் இல்லாத வெறும் திட்டுகளில் ஒட்டுண்ணி குறைவு. தோல் கீறல் பரிசோதனையில் அகப்படாவிட்டால், ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை தேவைப்படும்.

ஒட்டுண்ணியைக் கொல்லும் மில்டிஃபோசின் மாத்திரையை 12 வாரம் உண்ண வேண்டும். கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே வரச் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. தொட்டால் இது ஒட்டாது என்பதை மேஸ்திரியிடமும் விளக்கினேன், ஏனெனில் தொழுநோய் என்ற பேச்சு கிளம்பியதுமே அந்தத் தம்பியைத் தகரக் கொட்டகையில் தனியே படுக்க வைத்திருந்தார்கள். அதேவேளை, அவரைக் கடிக்கும் மணல் ஈ பிறருக்கு நோயைக் கொண்டுசெல்லக்கூடும் என்பதால், சிகிச்சையைப் பாதியில் விடவும் கூடாது. வேலைத்தளம் மாறினால் அடுத்த ஊர் மருத்துவரிடம் காட்டுவதற்காக, நோயின் பெயரையும் மாத்திரை தொடங்கிய தேதியையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பினேன்.