மூன்று வேளை தண்ணீர் ஊற்றப்பட்டது

கட்டட வேலைக்கு வந்த புதிதில் என்னைக் கடும் உழைப்பாளி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு சைட்டுக்கு வந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் கிளம்புவேன். தொழில் பக்தி உள்ள பையன் என்ற பெயர் எனக்கும் பிடித்திருந்தது. பொய்க்கணக்கு எழுதியதும் அதே நாட்களில்தான்.

கியூரிங் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு. போட்ட கான்கிரீட்டுக்கு எந்தத் தேதியில் எத்தனை முறை தண்ணீர் விட்டோம் என்று அதில் எழுத வேண்டும். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை; தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் போனால் அந்த வினையும் படுத்துவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன் படி சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா சிமெண்ட்) போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது அதே விதி. இதில் ஏமாற்றினால் அன்றைக்கு எதுவும் தெரியாது. கான்கிரீட் அதே சாம்பல் நிறத்தில் சமத்தாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு சித்திரை வெயில். முதல் மாடி ஸ்லாப் போட்டு நான்காவது நாள். தண்ணீர் ஊற்றும் அக்கா காலையிலேயே வந்து நின்றார். "தம்பி, மோட்டார் ஓடல. தூணுக்கெல்லாம் குடத்துல ஊத்தி சாக்க நனைச்சுட்டேன். ஸ்லாப்புக்குக் குடத்துல ஊத்தி மாளுமா?"

"ஆள் வரச் சொல்லியிருக்கேன்க்கா" என்றேன். ஆள் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனது மதியம். திருப்பிக் கொண்டுவந்தது மூன்றாம் நாள். அதுவரை ஸ்லாப்பில் தண்ணீர் நிற்கக் கட்டியிருந்த பாத்திகள் வெடித்துக் கிடந்தன. வாரக் கடைசியில் ஷெட்டில் டீ குடித்தபடி ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஏழு வரியிலும் ஒரே வாசகம்: மூன்று வேளை தண்ணீர் ஊற்றப்பட்டது.

மேலாளர் மோட்டார் காயில் கட்டிய பில்லைப் பாஸ் பண்ணும்போது மாட்டிக்கொண்டேன். பில்லில் எடுத்த தேதி, கொடுத்த தேதி இரண்டும் இருந்தன. பில்லையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மோட்டார் இல்லாம எப்படி தம்பி மூணு வேளை?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் ஸ்லாப்பின் மேல் வலை பின்னியதுபோல் மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன.

இப்போது புதிதாக வரும் பொறியாளர்களிடம் நேரத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. இரவு ஒன்பது வரை இருப்பது பெரிய விஷயமில்லை. மூடி மறைந்துபோகிற வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். கம்பிக்கு அடியில் டார்ச் அடித்து, கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர் யார்? வலிமைச் சோதனைக்காகக் கான்கிரீட்டை அச்சில் கொட்டிக் கியூப் போடும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் 35 குத்து எண்ணிக் குத்துகிறவர் யார்? கியூப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சைக் கழற்றியதிலிருந்து 28-ஆம் நாள் வரை அது தொட்டித் தண்ணீரில் சுகமாகக் கிடந்துவிட்டு சோதனைக்குப் போகிறது. ஸ்லாப்புக்கு அந்தச் சுகம் கிடைத்ததா என்று சோதனைச் சான்றிதழ் சொல்லாது. வீடு கட்டுகிறவர்கள், கியூப் ரிசல்ட்டைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், மதியம் இரண்டு மணிக்குப் போய்த் தூணில் சுற்றிய சாக்கைத் தொட்டுப் பாருங்கள்.

மறைந்துபோகிற வேலையையும் ஒழுங்காகச் செய்கிற பழக்கம் தானாக வராது. எனக்கு வந்தது ஒரு சின்ன ஏற்பாட்டால். பதிவேட்டை ஷெட்டிலிருந்து எடுத்து மாடிப்படி பக்கத்தில் பேனாவோடு கட்டித் தொங்கவிட்டேன். ஊற்றிய கையோடு நேரத்தைப் போட்டு எழுத வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் பழியை எல்லாம் வேலை செய்கிறவர் தலையில் போடுவது எனக்கு ஒப்பாது. கம்பி கட்டுபவருக்கு டன் கணக்கில் கூலி. கவர் பிளாக் வைக்கும் நேரத்துக்குக் காசில்லை. "முடியல சார்" என்று சொன்னவுடன் கத்துகிற மேலாளரிடம் அடுத்த முறை எல்லாமே முடிந்ததாகத்தான் பதில் வரும். என்னிடம் மோட்டார் ஓடவில்லை என்று நேராக வந்து சொன்னவர் அந்த அக்கா ஒருவர்தான். அந்த சைட்டில் ஆகக் குறைந்த கூலி அவருக்குத்தான்.

போன கோடையில் என்னிடம் வேலை பார்க்கும் ஒரு பையன் பதிவேட்டில் எழுதியிருந்தான்: "காலை ஊற்றவில்லை. போர் தண்ணீர் வரவில்லை. 8.40." எழுதிவிட்டு என்ன சொல்வேனோ என்று பக்கத்திலேயே நின்றான். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்கு போன் அடித்தேன்.