ஏற்காட்டு ஜன்னலும் அந்தி வெளிச்சமும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் தங்கும் விடுதி எதையாவது படமெடுத்துப் பாருங்கள். முதல் தலைவலி ஜன்னல்தான். படத்தில் கட்டில் பளிச்சென்று விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. வெளியே சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி இலை இலையாகத் தெரிந்தால் அறை இருண்டுவிடும். கண்ணுக்கு மட்டும் இரண்டும் தெரிகிறதே, எப்படி?

கண் இடத்துக்கு இடம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பார்த்ததையெல்லாம் மூளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. கேமராவுக்கு முழுப் படத்துக்கும் ஒரே எக்ஸ்போஷர், அதாவது உள்ளே விடும் ஒளிக்கு ஒரே அளவு. விளக்கு எரியும் அறையில் 100, 200 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். உச்சி வெயிலோ 1,00,000 லக்ஸ். கட்டிலுக்கு அடியில் உள்ள நிழலையும் சேர்த்தால் கேமராவுக்குள் ஒளியைப் பதியும் நல்ல சென்சாரே திணறும்.

வெவ்வேறு எக்ஸ்போஷரில் சில படங்கள் எடுத்துக் கணினியில் சேர்க்கலாம். ஆனால் மலைக்காற்றில் ஆடும் இலை படத்துக்குப் படம் இடம் மாறும், ஓரமெல்லாம் குழம்பிவிடும். அந்திக்குக் காத்திருப்பதே மேல் என்பேன்.

சூரியன் மறையும்போது வெளியே சுமார் 400 லக்ஸ். அது அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே இறங்கும்போது 3, 4 லக்ஸ்தான் மிஞ்சும். சேலம் நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரிக்குள் இருப்பதால் இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்ததிலிருந்து அந்த 6 டிகிரிக்கு 22 நிமிடம் போல ஆகும், அவ்வளவுதான். லண்டனில் அரை மணிக்கு மேல் பிடிக்கும். அதாவது நம் மலையில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. இறங்கும் வழியில் எங்கோ அது அறை விளக்கோடு சமமாகும். அந்தச் சில நிமிடங்களில் ஒரே எக்ஸ்போஷரில் கட்டிலும் வரும், கொடியும் வரும்.

அப்போது வானத்தில் படரும் அடர்நீலத்துக்கு ஓசோனும் காரணம். சாய்ந்து வரும் ஒளி ஓசோன் படலத்தில் நெடுந்தூரம் கடக்கும்போது ஆரஞ்சும் சிவப்பும் உறிஞ்சப்படுகின்றன. 2,700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) விளக்கின் மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்த நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். இரண்டையும் சாயம் போனதுபோல் ஆக்கிவிடும்.

மூடுபனி இறங்கினால் கணக்கு வேறு. அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால்தான் வெள்ளை. எந்த ஃபில்டராலும் அதை விலக்க முடியாது.

சூரியன் மறையும் முன்பே ட்ரைபாடை நிறுத்தி, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவை) 100-இல் பூட்டிவிடுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு படம், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றி. லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் பார்த்த அறையாக இருந்தால் உடனே கேமராவைக் கழற்ற வேண்டாம். கீழே சேலத்து விளக்குகள் படத்தில் எடுபட இன்னும் கொஞ்சம் இருட்ட வேண்டும்.